இரண்டு யூனிட் காற்று

ஐந்தாம் வகுப்போடு கைவிட்ட பேனா
முப்பத்தொன்பதில் திரும்பி வந்திருக்கிறது.
எழுதாது. குத்தும்.

விடிவெள்ளி இன்னும் மறையவில்லை.
சின்னப்பாலத்துக் கரையில் வள்ளம் இறக்கியாயிற்று.
பாசிக்குப் போகிறவர்கள்
கண்ணாடியை நெற்றியில் ஏற்றி
விரல்களுக்குத் துணி சுற்றி
முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள்.
நான் சோற்றுத் தட்டுக்கு முன்னால்.
பதினாறு யூனிட் இறங்கமாட்டேன் என்கிறது.

பித்தானை அழுத்துகிறேன்.
பாறையில் அப்பிய சிப்பி மாதிரி
இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சந்தேகம் முதலில் ஊசி மேல்தான்.
நாலு நாளாய் ஒரே ஊசி.
குத்துக்கு ஒன்று என்று நர்ஸ் முபீனா சொன்னதைப்
பன்னிரண்டு ரூபாய் கேட்கவிடவில்லை.
முனை மழுங்கி நேற்றே கடித்தது.
கழற்றினேன். புதுசை நேராக வைத்துத் திருகினேன்,
கோணலாய் ஏறினால் கழுத்தில் கசியும்.

பெரிய மூடி. அதற்குள் சின்ன மூடி.
முதல் வாரம் அந்தச் சின்னது இருப்பதே தெரியாமல்
அதோடு வைத்து அழுத்தி
மூன்று நாள் என் சேலைக்கு மருந்து கொடுத்தேன்.
சேலைக்குச் சர்க்கரை குறைந்திருக்கும்.
எனக்கு நானூற்றுப் பத்து.

இரண்டு யூனிட் திருகி
ஊசியை மேலே பார்க்கப் பிடித்து
நகத்தால் தட்டினேன்.
காற்று ஏறிப் போகணும்,
நுனியில் ஒரு சொட்டு வந்து நிற்கணும்.
காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.
தீவுக்கு அந்தப் பக்கம், அடியில்,
ஒரு மூச்சுக்கு அறுபது எண்ணுகிறவள்.

சொட்டு வரவில்லை.
மறுபடி இரண்டு.
மறுபடி.
கோணலாய் ஒரு துளி தெறித்துச்
சோற்றில் விழுந்தது.

செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
உள்ளங்கையில் உருட்டினால்
பால் மாதிரி ஒன்றாய்க் கலங்கவேண்டியது
திரிந்த பாலாய்,
கண்ணாடிச் சுவரில் பொட்டுப் பொட்டாய்.

ராத்திரி கரண்ட் போனது.
கொழுந்தனின் மீன் பெட்டியில்
ஐஸுக்கு நடுவில் நானேதான் சொருகினேன்.
சீலாவோடு சீலாவாய்
விடிய விடியக் கிடந்திருக்கிறது.
மீனைக் கெடாமல் வைத்த ஐஸ்
மருந்தைக் கொன்றுவிட்டது.
உறைந்தது உருகினாலும் உயிர் வராது.

"யக்கா, வள்ளம் போகப்போவுது" என்று
வாசலில் ஜெபமலர்.
பார்த்தாள். புரிந்துகொண்டாள்.
தன் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.
"அதே மருந்துதான். ஊசியை மட்டும் மாத்திக்க."

ஒரு நாள் பாசி. ஒரு நாள் கூலி.
கை நீண்டுவிட்டது, பொய் சொல்லவில்லை.
ஆனால் குத்தும்போது நம் ரத்தம்
கண்ணுக்குத் தெரியாமல் பேனாவுக்குள் ஏறும்,
ஊசி மாற்றினாலும் அது உள்ளேயே இருக்கும் என்று
முபீனா மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறாள்.
"வேணாம்டி" என்றேன்.
முந்தி முடிச்சில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறதா என்று மட்டும்
தடவிப் பார்த்து அனுப்பினேன்.
அவளுக்கு நடுக்கடலில்தான் கை நடுங்கும்.

வள்ளத்துச் சத்தம் தேய்ந்தது.
ஊசியைக் கழற்றிப் பினாயில் பாட்டிலில் போட்டு
மூடியை இறுக்கினேன்.
இந்தக் கரையில் யார் காலிலும் செருப்பு கிடையாது.

எட்டு மணிக்குப் பாம்பன் ஆஸ்பத்திரி.
"மறுபடி கரண்ட் போனா
ஈரத்துணி சுத்தின மண்சட்டி போதும்க்கா,
ஐஸ் வேணாம்" என்று
புதுப் பேனாவைக் கொடுத்தாள்.
தொப்புளுக்கு வலப்பக்கம் வழக்கமான இடம் கட்டியாய்க் கிடந்தது,
தொட்டுப் பார்த்து, முறைத்து,
இடப்பக்கம் காட்டினாள்.
சொட்டு நின்றது. குத்தினேன். இறங்கியது.
பத்து எண்ணியபின் எடுக்கவேண்டும்.
தரையில் எனக்குப் பொறுமை கிடையாது,
ஆறிலேயே உருவி, மருந்து தோலில் வழிந்து
எத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கண்ணை மூடினேன்.
தலைக்கு மேல் பச்சைத் தண்ணீர்,
கைக்கெட்டும் தூரத்தில் பாசி.

"போதும், எடுங்கக்கா."

நான் இருபத்து மூன்றில் இருந்தேன்.