வெள்ளைக்குக் கீழே

மேலிருந்து தின்கிறது இயந்திரம்.
ஒன்பதாம் மாடி முடிந்து, எட்டு.
தூசி கிளம்பாதிருக்க ஒருவர் குழாயில்
தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்
காய்ச்சல்காரன் நெற்றியில்
ஈரத்துணி மாற்றுகிற மாதிரி.

தகரவேலிக்கு இந்தப் பக்கம்
கேமராவும் முக்காலியுமாய் மூன்று பேர்.
மாடிப்படியின் வளைவையும்
காற்றுக்கென விட்ட சிமெண்டுத் துளைகளையும்
நவீனத்துவம் என்கிறார் ஒருவர்.
முப்பத்தொரு வருஷம் அந்தத் துளைகளில்
துடைப்பம் செருகிவைத்திருந்தோம்.

மின்தூக்கி நிற்பது ஒன்று, ஐந்து, ஒன்பது.
எங்கள் வீடு ஏழு.
ஐந்தில் இறங்கி ஏறலாம்,
ஒன்பதில் இறங்கி இறங்கலாம்.
வட்டிக்காரன் அனுப்பிய பையன்
எப்போதும் ஒன்பதிலிருந்துதான் வந்தான்.
செருப்புச் சத்தத்திலேயே தெரியும்.

சேந்தன் வாங்கியது ஆயிரத்து இருநூறு வெள்ளி.
சுவரில் எங்கள் கதவெண்ணும்
கொடு என்பதும்
சிவப்பில்.
அம்மா ஷென்டன் வேயில் ஆபீஸ்களைத் துடைத்து முடித்து
பதினொன்றுக்குத்தான் வருவாள்.
அதற்குள்
பக்கத்து வீட்டு சுவீ லான்
டர்ப்பன்டைனும் புருஷனின் கிழிந்த பனியனும் கொண்டுவந்து
ஒன்றும் கேட்காமல் தேய்த்தாள்.
நான் வாளி பிடித்தேன்.
முழுக்கப் போகவில்லை.
இளஞ்சிவப்பாய் நின்ற திட்டின் மேல்
மருந்துக்கடை நாட்காட்டி ஒன்றை மாட்டினாள்.
தாழ்வாரத்தில் எதற்கு இது என்று
அம்மா மலாயில் கேட்டதற்கு
"சாஜா" என்றாள்.
சும்மாதான்.

பிறகு கழகம் நான்கு முறை வெள்ளை அடித்தது.

புது வீடு முப்பத்தெட்டு மாடி.
எல்லா மாடியிலும் நிற்கிறது மின்தூக்கி.
சுவீ லான் இருப்பது பதினொன்றில் என்று கேள்வி.
கதவெண் தெரியாது.
ஒரே பொத்தான் தூரம்தான்,
போகவில்லை.

இப்போது ஏழு.
முன்சுவர் உரிந்து விழுகிறது.
எங்கள் சமையலறை நீலம்
சாலையில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் தெரிகிறது.
அவள் வீட்டுச் சுவரில்
ஊதுபத்திப் புகையின் கறுப்பு மட்டும்
சாமியில்லாமல் நிற்கிறது, வெட்டவெளியில்.
திட்டைத் தேடினேன்.
நான்கு வெள்ளைக்குக் கீழே
இருந்திருக்கும்.
இல்லாமலும் போயிருக்கும்.
இவ்வளவு தூரத்திலிருந்து
எல்லாம் சிமெண்டு.

பெர்த்திலிருந்து சேந்தன்:
போட்டோ அனுப்பு.
அனுப்பினேன்.
எது நம்ம வீடு, வட்டம் போட்டுக் காட்டு.

விரலை வைத்தால்
போனில் கோடு சிவப்பாகத்தான் வருகிறது.
நிறம் மாற்றும் இடம் எங்கேயென்று தேடி
நின்றுகொண்டிருக்கிறேன்.
அதற்குள் ஆறு.