ஆயிரம் சட்டைக்காரன்

க்விலு ஆற்றின் இக்கரையில்
ஜெனரேட்டர் இருமி இருமி ஓடுகிறது.
பெட்ரோல் தீர்வதற்குள் இன்னும் நாற்பது பேர்.
அட்டையில் ரத்தம் ஒரு துளி,
அதன்மேல் மருந்து ஒரு துளி,
ஐந்து நிமிடம் சுழல வேண்டும்.
நீல மணலாய்த் திரண்டால்
பெயர் இரண்டாம் நோட்டுக்குப் போகும்.

முப்பத்தேழாவது துளி திரண்டது.
லுசெங்கா.

சோம்பேறி, என்கிறான் அவள் கணவன் கிபொங்கோ.
மரவள்ளி ஊறப்போட்ட குட்டையில்
முழங்கால் தண்ணீரில் நின்றபடியே தூங்குகிறாள்.
நடுநிசியில் எழுந்து கோழிகளை எண்ணுகிறாள்.
பாதிரியார் மூன்று நாள் பட்டினி போட்டார்,
பேய் இறங்கவில்லை.

அவள் பின்கழுத்தைத் தடவுகிறேன்.
மொச்சை மொச்சையாய் நெறிகட்டி.

நுண்ணோக்கியில்
துடிக்கிறான் ஒருவன்,
மீன்குஞ்சு மாதிரி.
இல்லை, மீன்குஞ்சுக்காவது பயம் இருக்கும்.

அவன் உடுத்தியிருப்பது ஒரே நெசவு,
ஒரே புரதம், லட்சம் லட்சமாய் அடுக்கி.
உடம்பு ஒன்றும் முட்டாள் இல்லை.
சில நாளில் அந்த நெசவைப் படித்து
அதற்கென்றே கொக்கி வார்த்து
தேடித் தேடிக் கொல்கிறது.
காய்ச்சல் இறங்குகிறது.
வீட்டில் நன்றி சொல்லிப் பாடுகிறார்கள்.
அதற்குள் கூட்டத்தில் எவனோ ஒருவன்
வேறு சட்டையில் நிற்கிறான்.
மீண்டும் காய்ச்சல், மீண்டும் முதல் பாடம்.
பாம்பு உரித்தாலும்
பழைய நிறத்தில்தான் வந்து நிற்கும்.
இவன் பெட்டியிலோ ஆயிரம் சட்டை.

பிறகு ஒருநாள்
மூளையின் காவலைத் தாண்டுகிறான்.
கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே
கடுகைவிடச் சிறிய கடிகாரம் ஒன்று.
அதன் சொல்லை இனி யாரும் கேட்பதில்லை.

தூக்க நோய் என்று பெயர் வைத்தவர்
இரவில் வந்து பார்த்திருக்க மாட்டார்.
கிபொங்கோ, கேள்.
ஒரு நாளில் நீ தூங்குகிற அளவுதான்
அவளும் தூங்குகிறாள்.
உன்னிடம் இருப்பது முழு நோட்டு.
அவளுடையதைச் சில்லறையாக மாற்றி
வழியெல்லாம் இறைத்துவிட்டான்.
இமை மூடியதும் நேரே கனவு.
வாசல் இல்லை, கூடம் இல்லை,
கதவைத் திறந்தால் கிணறு.

அவன் வெகுநேரம் பேசவில்லை.
"அடித்திருக்கிறேன்" என்றான் பிறகு.

முதுகுத் தண்டிலிருந்து சில சொட்டு.
வெள்ளை அணுக்கள் அறுபத்து நான்கு.
நூறுக்குக் கீழே. மாத்திரை போதும்.

என் அண்ணன் காலத்தில் ஆர்செனிக்.
பிளாஸ்டிக் இளகும் என்று
கண்ணாடி ஊசியில் ஏற்றினார்கள்.
நெருப்பு, நெருப்பு என்றான்.
இருபதில் ஒருவரை மருந்தே கொல்லும்,
கணக்கு எல்லோருக்கும் தெரியும்.
அந்த வாரம் வார்டில்
பத்தொன்பது பேர் வீடு திரும்பினார்கள்.

மாத்திரை பத்து நாள், சாப்பாட்டோடு.
வெறும் வயிற்றில் பயன் இல்லை.
பக்க விளைவுகளை வாசித்துக் காட்டுகிறேன்:
வாந்தி, தலைவலி, தூக்கமின்மை.
கடைசிச் சொல்லுக்குக் கிபொங்கோ சிரித்தான்.
நானும்.
லுசெங்கா அப்போது
பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பதாம் நாள் படகில் போனேன்.
கரையோரம் ஈக்களுக்கு விரித்த நீலத் துணிகள்
காற்றில் உப்பின.
நீலம் என்றால் ட்சேட்சி ஈ ஓடி வரும்.
வேலைக்குச் சேர்ந்த நாள்முதல்
நான் நீலச் சட்டை போடுவதில்லை.

விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.
"உள்ளே தூங்குகிறாள்" என்றான் கிபொங்கோ,
பயத்துடன்.
எப்போது படுத்தாள்?
"நேற்று இருட்டியதும்."
நடுவில்?
"எழவே இல்லை. மூச்சு வருகிறதா என்று
நான்தான் எழுந்து எழுந்து பார்த்தேன்."

பேச்சுச் சத்தத்தில் வெளியே வந்தாள்.
கன்னத்தில் பாய் வரி.
என்னைப் பார்க்கவில்லை,
முற்றத்தைப் பார்த்தாள்.
உதடு அசைந்தது.

பதினொன்று இருக்க வேண்டும்,
இரண்டு குறைகிறது, என்றாள்.

மாத்திரைக்குச் சாப்பாடு வேண்டுமென்று
அவளுக்கே அடித்துப் போட்ட கோழிகள்.
யார் சொல்வது என்று
நாங்கள் இருவரும்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.