எரிபொருள் நீங்கலாக

மாத்திரைகள் வந்து சேர்ந்தன.
நாற்பது பெட்டி, ஒன்றும் நசுங்கவில்லை.
கடலுக்கு அப்பால் ஏதோ குளிர்தேசத்துச் சிற்றூரில்
பிள்ளைகள் கேக் விற்றார்களாம்,
ஒரு பல் மருத்துவர் முந்நூறு கிலோமீட்டர்
சைக்கிள் மிதித்தாராம், நமக்காக.
படம் அனுப்பியிருக்கிறார்கள்.
எல்லோர் மூக்கும் சிவந்திருக்கிறது.
நன்றி என்று எழுதினேன். மனதார எழுதினேன்.

ஒப்பந்தத்தில் ஏழாம் பத்தி:
இந்நிதி மருந்துக்கும் பயிற்சிக்கும் மட்டும்,
எரிபொருள் நீங்கலாக.

லோஃபாவில் மழை பிடித்துவிட்டால்
சாலை என்பது ஒரு வதந்தி.
மருந்து வோயின்ஜாமாவில் இருக்கிறது,
நோயோ ஆற்றோரத்தில், எல்லைக்கு முந்தின ஊர்களில்.
நடுவே என் மோட்டார்சைக்கிள்,
அதன் வெறும் வயிறு,
மூன்று மாதமாக வந்துகொண்டே இருக்கும் என் சம்பளம்.

நோயின் குறியீட்டு எண் என்ன என்கிறது படிவம்.
இங்கே யாரும் எண்ணோடு வருவதில்லை.
"உச்சிக்குழி திறந்துகொண்டது, சிஸ்டர்"
என்றுதான் வருகிறார்கள்.
கைக்குழந்தைக்குத் துடிக்குமே மண்டையில், அந்த மெத்தென்ற இடம்.
எப்போதோ மூடியது
போரில் ஒருநாள் மறுபடி திறந்துகொண்டதாம்.
அதன் வழியே காற்று புகுகிறது, சத்தம் புகுகிறது,
செத்தவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவது புகுகிறது.
தொட்டுப் பார் என்று தலையைக் குனிகிறார்கள்.
தொடுகிறேன்.
எலும்பு கெட்டியாகத்தான் இருக்கிறது.
இருந்தாலும் கையை உடனே எடுப்பதில்லை.

முச்சந்தியில் ஒரு பலகை.
அதன்மேல் மயோனைஸ் ஜாடிகளில் பெட்ரோல்,
வெயில் பட்டால் தேன்போல.
விற்பவன் ஃபல்லா.
இரண்டு வருஷம் முன்பு என் வரிசையில் உட்கார்ந்திருந்தவன்.
இப்போது தூங்குகிறான், பாதி இரவாவது.
கடன் கேட்கப் போனேன்.
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினான்.
"எந்த ஊருக்கு?"
சொன்னேன்.
புனலில் கடைசிச் சொட்டு இறங்கும்வரை பேச்சில்லை.
பிறகு,
"எனக்கு அப்போது பதினாலு வயசு.
தீப்பெட்டி இன்னொருத்தன் கையில்.
என் கையில் ஜாடி."

அவ்வளவுதான் சொன்னான்.
நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் ஒரு ஜாடி. காசு வாங்குவதில்லை.
ஒருமுறை, பின்னால் ஏறிக்கொள் என்றேன்.
கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றான்.
கடை என்பது அந்தப் பலகை.

ஆற்றோரத்து ஊரில் கடைசி வீடு நோவாயுடையது.
கூரைக்குத் தகரம் போட்டு ஒன்பது வருஷம்.
இன்னமும் நடுராத்திரியில் எழுந்து
வாளி வாளியாய்த் தண்ணீரை மேலே வீசுகிறாள்,
கொட்டுகிற மழையிலும்.
மாத்திரை தொடங்கி ஆறு வாரம்.
முன்னேற்றம், சதவீதத்தில்?
"ஐந்து வாளி மூன்றானது" என்று எழுதினேன்.
திருத்தி அனுப்பச் சொல்லித் திரும்பி வந்தது.

"யார் அனுப்பியது இதெல்லாம்?" என்றாள் போன வாரம்.
கேக் விற்ற பிள்ளைகளைச் சொன்னேன்,
சிவந்த மூக்குகளைச் சொன்னேன்.
சிரித்தாள், பல் தெரிய.
உடனே மூக்கைச் சுளித்து,
"வண்டியை மாமரத்துக்கு அப்பால் நிறுத்து,
அந்த வாசனை எனக்கு ஆகாது."
தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினேன்.

மீதியைச் சொல்லவில்லை.
அது என் வாயில் கிடக்கிறது,
ஆனால் என்னுடையதில்லை.

இன்றிரவு விளக்கடியில் மறுபடி படிவம்.
பிற நன்கொடையாளர் பெயர்.
எழுதினேன், அடித்தேன்.
தொகை. தெரியாது.
நோக்கம். கட்டம் சின்னது.
ஏழாம் பத்தி நினைவிருக்கிறது.
ஆகவே பொருள்விவரத்தில்,
மாத்திரைகளுக்குக் கீழே, இதை மட்டும்:

கண்ணாடி ஜாடி, ஒன்று.
காலியானதும் திருப்பித் தரவேண்டும்.