மொழிபெயர்ப்பாளரின் தவறு

மேடைத் துணியில் தமிழ் இரண்டாவது வரி:
‘கடசி ஒறறுமை.’
புள்ளிகள் அச்சகத்தில் உதிர்ந்திருக்கும்.
கடைசி என்று வாசித்தவர்களும் இருந்தார்கள்.

மருதானைத் தொழிற்சங்க மண்டபம்.
பின்வரிசைக்கும் பின்னால் ஒட்டுப்பலகைக் கூண்டில்
நான், ஒரு மைக், ஒரு போத்தல் தண்ணீர்.
தமிழில் கேட்க முப்பத்தொரு பேர்,
காதுக்கருவி இருபத்திரண்டு.
ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

தோழர் நிலூக்கா வீரக்கொடியின் உரை
முதல் நாளே என் கைக்கு வந்திருந்தது, ஒன்பது பக்கம்.
விலைவாசி, வரி, துறைமுகம்.
ஆறாம் பக்கம் வரை எழுத்துப் பிசகவில்லை.
அடுத்த தரிப்பிடம் தெரிந்த பயணியைப் போல
நிம்மதியாகக் கூடவே போனேன்.

ஏழாம் பக்கத்தை அவர் மடித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
“அந்த வைகாசியில் நாமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கை உயர்த்தியவர்களில் நம் கட்சியும்.
நான் அப்போது மாணவர் அணி.
வீதியில் நின்று பாற்சோறு கொடுத்தேன்.”

பகலில் எனக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் வேலை.
அங்கே தூஷணத்தையும் அப்படியே சொல்லவேண்டும்,
மெதுவாக்கினால் நீதவானுக்குக் கோபம் வரும்.
ஆகவே சொன்னேன்:
பாற்சோறு.

முதலில் தட்டியவர்கள் மேல்மாடத்து மாத்தறைப் பிள்ளைகள்,
எழும்பி நின்று.
முன்வரிசையில் செயலாளர் பியதிஸ்ஸ குனிந்து
செருப்பைத் தேடினார். அது காலில்தான் இருந்தது.
இரண்டு பேர் சத்தமின்றி வெளியேறினார்கள்,
கதவுதான் சத்தம் போட்டது.
கொட்டாஞ்சேனை மனுவேற்பிள்ளை காதுக்கருவியைக் கழற்றி
மடியில் வைத்து
அதையே பார்த்தபடி இருந்தார்.
அட்டனிலிருந்து வந்த மல்லிகாதேவி பக்கத்தில் கேட்டாள்:
“தோட்டச் சம்பளம் எட்டாம் பக்கத்துல இருக்குன்னாங்களே,
அத வாசிக்காமலே முடிச்சிட்டாங்களே?”

கீழே கடையில் பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது.
துணிச்சல், என்றார் ஒருவர்.
தேர்தல், என்றார் அவருக்கே தீப்பெட்டி கொடுத்தவர்.
“இதச் சொல்ல இவ்வளவு வருஷமா” என்று
கொலன்னாவை ரஸ்மின் சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.
கட்சி உடையும். உடையட்டுமே.
“உடைஞ்சா நாங்கள் எந்தத் துண்டில?”
கேட்டது யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவு பத்தரைக்குச் செயலாளர் அழைத்தார்.
நல்ல தமிழ், சிறையில் படித்தது.
“தங்கச்சி, கட்சி ஒன்றாக இருக்கவேணும்.
பார்த்துக்கொண்டிருந்தோம் என்றால்
கவனித்து வந்தோம் என்றும் எடுக்கலாம்தானே.
தமிழில் கொஞ்சம் கூடிப்போச்சு.”
“பாற்சோறு?” என்றேன்.
அந்தப் பக்கம் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

விடிய முச்சக்கர வண்டியில் கடிதம் வந்தது,
கையெழுத்துக்குக் கோடு போட்டு.
‘மொழிபெயர்ப்பாளரின் தவறினால் நேர்ந்த
கருத்துப் பிறழ்வுக்கு வருந்துகிறேன்.
கடசி ஒறறுமையாகவே இருக்கிறது.’
அதே அச்சகம்.

கைபேசியில் நிலூக்கா, சிங்களத்தில்:
‘நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால்’
அதற்குப் பிறகு மூன்று புள்ளிகள்.
எழுதுகிறார்.
நிறுத்துகிறார்.
எழுதுகிறார்.
பாணுக்குப் பட்டர் பூசி முடித்துவிட்டேன்,
இன்னும் ஆனால்.

சிவப்புப் பேனாவை எடுத்து
ட வின் மேல் ஒன்று, ற வின் மேல் ஒன்று,
விழுந்த புள்ளிகளை வைத்தேன்.
கோட்டைத் தொடவில்லை.
வண்டிக்காரப் பையன் உறையை வாங்கிக்கொண்டு
“சரியா அக்கா?” என்றான்.
எழுத்து சரி, என்றேன்.

ஒன்பதரைக்கு ஒரு சைக்கிள் திருட்டு.
சாட்சிக்குச் சிங்களம், எதிரிக்குத் தமிழ்.
கைபேசியை நிறுத்திப் பையில் போட்டேன்.
அந்தப் புள்ளிகள் அதற்குள்
துடித்துக்கொண்டிருந்தனவோ என்னவோ.