நான்காவது கப்

மஞ்சூரில் மூன்று நாளாகப் பனிமூட்டம்.
தகரத்தில் சொட்டுவது மழையா, சில்வர் ஓக் மரமா
என்று பார்க்க யாரும் வெளியே போகவில்லை.
வைஸின் வாயில் மாதியுடைய ஜீப்பின்
முன் ஆக்சில் தண்டு.
வளைவில் திருப்பினால் கடக், கடக் என்கிறதாம்.
வளைவில்லாத பாதை இந்தப் பக்கம் ஏது.

சர்க்ளிப் மூன்று கழன்றது.
நான்காவதைக் காணோம்.
தெறித்து விழுந்திருக்கும் என்று விட்டேன்.

ஒரு பக்கம் பத்தொன்பது சாக்கெட்,
கப் வந்து விழ மறுபக்கம்
முப்பத்திரண்டு.
ஓங்கிப் போட்டேன். சுத்தியல் எகிறி
என் மணிக்கட்டைத்தான் விசாரித்தது.
கிராஸ் அசையவில்லை.
ராத்திரி ஊற்றிய டீசல்
உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றிருந்தது.

பெலிக்ஸ் டார்ச்சைப் பிடித்தான்.
யோக்கின் காது வைக்கோல் நிறம்,
பிறகு மயில் கழுத்து.
போதும், சிவக்க விடாதே.
அடித்ததில் ஒரு நூல் வந்தது.
அந்த ஒரு நூலுக்கு
பெலிக்ஸ் விசிலடித்தான்.

விழுந்த கப்பைக் கவிழ்த்தால் ஊசிகள் இல்லை.
ஊசிகள் இருந்த இடத்தில் மிளகாய்ப்பொடி.

இரண்டாவது, மூன்றாவது.
மத்தியானச் சோறு நாலு மணிக்கு.

நான்காவது வரவில்லை.
சூடு, அடி, சூடு, அடி,
வைஸின் தாடை விரிசல் விட்டது.
அப்போதுதான் திட்ட ஆரம்பித்தேன்.
எந்தப் பாவி மாட்டினான் இதை,
கிரீஸைக் கண்ணால் பார்த்திருக்கிறானா,
இவன் கைக்கு ஸ்பேனர் ஒரு கேடா.
மாதி பழைய டயர் மேல் உட்கார்ந்து
டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.
துரு உதிர்ந்ததும்
கப்புக்கும் காதுக்கும் நடுவே இரண்டு பொட்டு.
வெல்டிங் பொட்டு.
ஒன்று உருண்டை. இன்னொன்றுக்கு வால்.
வால் வைப்பது என் கை.
ராடை எடுக்கும்போது இடதுபக்கம் இழுத்துவிடுவேன்,
வேலை பழகிய கடையில் கடைசிவரை திட்டு வாங்கியது.

தேர்தலுக்கு முந்தின ராத்திரி அது.
ஓட்டு எந்திரம், இரண்டு வாத்தியார், ஒரு போலீஸ்
எல்லாம் ஜீப்புக்குள் நனைந்துகொண்டு.
விடிவதற்குள் கிண்ணக்கொரை.
சர்க்ளிப் எங்கேயோ சேற்றில்.
இப்போதைக்கு ஒரு பொட்டு வைக்கிறேன்,
நாளைக்கு வா, ஒழுங்காகச் செய்யலாம்.
நாளைக்கு என்பது ஒன்பது வருஷம்.

"அன்னைக்கு நீங்க காசு வாங்கலண்ணே"
என்றாள் மாதி, டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு.

கிரைண்டரில் இரண்டு பொட்டும் பொறியாய்ப் போயின.
மூன்றாம் அடியில் கப் தரையில் உருண்டது.

புது கிராஸ். கிரீஸில் ஊசிகளை நிறுத்தி
மெதுவாக அழுத்தினேன்.
மூன்று சர்க்ளிப் டிக், டிக், டிக் என்று உட்கார்ந்தன.
நான்காவது உட்காரவில்லை.
கப் அரை நூல் துருத்திக்கொண்டு நிற்கிறது.
உள்ளே ஓர் ஊசி சாய்ந்து படுத்திருக்கிறது,
பார்க்காமலே தெரியும்.

இருட்டிவிட்டது. கடைசி பஸ் ஊட்டிக்கு இறங்குகிறது.
மூலையில் வெல்டிங் செட், ஒயர் சுருட்டியபடி.
பெலிக்ஸ் அதைப் பார்க்கிறான்.
நான் பெலிக்ஸைப் பார்க்கிறேன்.

சாக்கெட்டை எடு, என்றேன்.
முப்பத்திரண்டு.