கட்டடத்தின் வகை

படிவத்தில் ஏழாம் இலக்கம்: கட்டடத்தின் வகை.
வீடு, கடை, மதில், மலசலகூடம், மாட்டுக்கொட்டில்.
ஒன்றிலும் புள்ளடி இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்: சவுனா.

பிரதம லிகிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதென்ன, பெட்டையின்ர பேரோ?"

சித்திரை பதினொன்று.
மல்லாவிச் சந்தியில் தார் என் செருப்பைப் பிடித்து வைத்துவிட்டு விட்டது.
மோட்டார் சைக்கிள் இருக்கை கொதித்தது.
அவருடைய கோப்பையே விரித்து
அதன்மேல் குந்திக்கொண்டு போனேன்.

தர்மினி பதினாறு வருடம் பின்லாந்தில்
விமான நிலையத்து நிலம் துடைத்தவர்.
கதிரை தந்தார். மோர் தந்தார்.
"வெயிலைக் காசு குடுத்துப்
பூட்டி வைக்கப்போறியளோ?" என்றேன்.
"வெயில் கேக்காமல் வரும், ஐயா.
இது நான் மூட்டி
நானே அணைக்கிறது."

அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.
அளவு நாடாவை எடுத்தேன்.

கிணற்றிலிருந்து ஐம்பது அடி வேண்டும்.
இருந்தது நாற்பத்திமூன்று.
முருங்கையைத் தறித்தால் சரிவரும் என்றேன்.
மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பினார்:
அறை தெற்கே போனது, கழிவுநீர் வாழைக்குப் போனது,
முருங்கை தப்பியது.

வேலிக்கு மேலால் குணபாலன்:
"சோளகம் வெளிக்கிட்டால்
நெருப்புப்பொறி என்ர வைக்கல் போரிலதானே விழும்?"
புகைபோக்கி கூரைக்கு மேல் மூன்றடி, வலைத் தொப்பியோடு.
கிடுகு கூடாது, தகரம்.
குழாய் கூரையைத் துளைக்கிற இடத்தில்
சுற்றிவர ஓரடிக்கு மரம் அண்டக்கூடாது.
குணபாலன் விரலை எச்சிலில் நனைத்து
காற்று வரும் பக்கத்தை எனக்குக் காட்டினார், அன்றைக்குக் காற்றே இல்லை.

முதிரைப் பலகை என்றால் வனத் திணைக்களம்,
அதோடு அது சூட்டைப் பிடித்து வைத்து
இருந்தவரின் தொடையைச் சுடும்.
மலைவேம்பு காணும். ஆணித்தலை மரத்துக்குள் புதைய வேணும்.
ஆற்றுக்கல் வெடிக்கும்.
கருங்கல்தான், வவுனியாப் பக்கம் உடைத்தது.
மின்சார அடுப்பு?
ஆறு மணிக்கு அந்தத் தெருவில்
மின்விசிறியே எண்ணி எண்ணிச் சுற்றும். விறகுதான்.

இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது.
எங்கள் நிபந்தனைகள் என்று தலைப்பிட்டு
நான் எழுதினேன்.

உள்ளளவு எட்டுக்கு ஆறு. உயரம் ஏழு.
பேனை அதில் நின்றது.
இந்த அளவு எனக்குத் தெரியும்.
மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்,
எட்டுக்கு ஆறுக்குள் பதினொரு பேர்,
யாருடைய வேர்வை யாருடைய முழங்காலில் என்று தெரியாது.

நிமிர்ந்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை.
நீங்கள் எவ்விடத்தில், நாங்கள் எவ்விடத்தில் என்று
ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

"கதவு?"
"வெளிப்பக்கம் திறக்கும்.
பூட்டில்லை, கொண்டியில்லை. தள்ளினால் காணும்.
அங்கையும் அதுதான் சட்டம்."
"சன்னல்?"
"சட்டத்தில இல்லை. எனக்கு வேணும்."

காற்று வழி இரண்டு: அடுப்படியில் ஒன்று,
எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒன்று.
அதன் கீழே நானாகவே எழுதினேன்:
சன்னல் ஒன்று, கிழக்கே, கட்டாயம்.

சபையில் ஏழாம் இலக்கம் மறுபடி இடறியது.
நெல் அவிக்கும் கொட்டில் என்று போடச் சொன்னார் லிகிதர்.
குளியலறை என்றால் கட்டணம் குறைவாம்.
மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில்
அடிமட்டம் வைத்துப் புதிதாய் ஒரு கூடு கீறி
அதற்குள் புள்ளடி போட்டேன்.

ஆவணியில் இறுதிப் பரிசோதனை.
வெப்பமானியில் எழுபத்தெட்டு.
கல்லில் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினார்,
என் கோப்பின் மட்டை சுருண்டது.
உள்ளிருந்து கதவைத் தள்ளினேன். திறந்தது.
சாத்திவிட்டு மறுபடி தள்ளினேன்.
மறுபடி.

"ஒருக்கால் பாத்தால் காணாதோ?"
வெளியே, தோளில் துவாயோடு, குணபாலன்.