நாலு சக்கரம் என்று சொல்லி

குளச்சலில் பதினெட்டு வருடம்
மீனும் ஐஸும் சுமந்த வண்டி.
அறுபத்தெட்டாயிரம் கொடுத்து
குலசேகரத்துக்குக் கட்டி இழுத்து வந்தோம்.
இழுத்த டெம்போவுக்கு ரெண்டாயிரம்.
ரோஸ்லெட் நோட்டில் முதல் வரியே அதுதான்.

தரைத்தகட்டைத் தட்டினால்
பப்படம்போல் நொறுங்குகிறது.
ஓட்டை வழியே ரோடு தெரிகிறது.
மூலையில் உப்பு, செதில்,
ஒரு சாளையின் முழு முள்.
எத்தனை கழுவியும்
வெயில் ஏறினால் கடப்புறம் மணக்கும்.
அயல்வீட்டுப் பூனைகளுக்கு
இப்போது எங்கள் முற்றத்தில்தான் குடித்தனம்.

வின்ஸ்லால் சொன்னான்:
"மாமா, பெயின்டப் பத்தி பேசப்பிடாது.
மொதல்ல நிக்கணும், பொறவு ஓடணும்.
அழகெல்லாம் அடுத்த மழைக்கு."
பகலில் அவன் பஸ் டிப்போவில்,
ராத்திரி எங்கள் வண்டிக்கு அடியில்.
நாளுக்கு முந்நூறு.
மரச்சீனியும் மீன்கறியும் என்றால்
ஐம்பது குறைப்பான்.

கால்பிரேக்குக்கு எல்லாம் புதுசு,
அதில் கஞ்சத்தனம் இல்லை.
மற்றது முழுக்க
செத்த வண்டிகளிடம் இரந்து வாங்கியது.
ரேடியேட்டர் அருமனையில்,
ஸ்டியரிங் பெட்டி கருங்கலில்.
தரைக்கு,
பூட்டிப்போன சிட்பண்டின் விளம்பரத் தகடு.
வெட்டிப் பற்றவைத்ததில்
கிளட்சுக்குக் கீழே "உங்கள் பணம்",
ஆக்சிலேட்டருக்குக் கீழே "எங்கள் பொ".

ஒரு மாசம் கழித்துத்தான்
குட்டைக் கம்பியைத் தொட்டோம்.
கியர்கம்பிக்குப் பக்கத்தில் நிற்குமே, அது.
அதற்காகத்தான் இந்த வண்டி.
எங்கள் குத்தகை அன்னாசி பள்ளத்தில்,
ரோடு மேலே;
இடவப்பாதி மழையில்
இரண்டு சக்கரம் சேற்றை உழும், ஏறாது.
கம்பி வெண்ணெயில் போவதுபோல் போனது.
பின்சக்கரங்கள் சுற்றின.
முன்சக்கரங்கள்
கல்யாணவீட்டில் பிணங்கிய சித்தப்பாக்கள்போல
இருந்த இடத்தில் இருந்தன.
டார்ச்சோடு அடியில் போன வின்ஸ்லால்
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல்:
"மாமா, முன்னால தண்டே இல்ல."

கடற்கரையில் நாலு சக்கரம் எதற்கு?
யாரோ கழற்றி விற்றிருக்கிறான்,
எந்த வருஷமோ, எந்தக் கடனுக்கோ.
நாலென்று எண்ணி
ரெண்டை வாங்கியிருக்கிறேன்.
ரோஸ்லெட் நோட்டை மூடினாள்.
அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.
எழுதியிருந்தால் தேவலை.

புதுசு பதினாலாயிரம்.
மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளை,
ஏழு ஆக்கர் கடை ஏறி இறங்கினோம்.
எட்டாவது அழகியமண்டபத்தில்.
அதுவும் தேடிப் போனதல்ல,
மழைக்கு ஒதுங்கியது.
தார்ப்பாயைத் தாங்கிய தூணை
வின்ஸ்லால் தடவிக்கொண்டே நின்றான்,
மாட்டுக்குப் பல் பார்ப்பவன் மாதிரி.
துருவுக்கு உள்ளே கிராஸ் இருந்தது.
கிரீஸ் இருந்தது.
"அத எடுத்தா எனக்க கடை விழும்"
என்றார் மீராசா.
ஆயிரத்து நூறு ரூபாய்,
பதிலுக்கு ஒரு பாக்குமரத் தடி.
குழி தோண்டி, ஊன்றி,
தார்ப்பாயைத் திரும்பக் கட்டிக்கொடுத்ததும்
நாங்கள்தான். நனைந்து.

ஓணத்துக்கு முந்தின வாரம்
அறுநூறு கிலோ அன்னாசி.
வளைவில் பின்பக்கம் வழுக்கியது.
குட்டைக் கம்பியைத் தள்ளினேன்.
முன்னால் எங்கோ பல்லோடு பல் சேரும் சத்தம்.
குளத்திலிருந்து நாய் கரையேறுவதுபோல்
முன்கால் ஊன்றி
வண்டி மேட்டைப் பிடித்தது.

பாதி மேட்டில் எஞ்சின் இருமி நின்றது.
கைப்பிரேக்கு இன்னும் வாங்கவில்லை.
நான் திரும்புவதற்குள்
ரோஸ்லெட் குதித்திருந்தாள்,
மடியில் வைத்திருந்த கருங்கல்லோடு.
பின்சக்கரத்துக்கு அதை முட்டுக்கொடுத்து,
கையைத் தட்டிக்கொண்டு,
"ம், இப்ப எடுங்க" என்றாள்.

நோட்டில் கடைசி வரி இப்படி இருக்கிறது:
கல் ஒன்று. ஆற்றில் எடுத்தது. ரூபாய் இல்லை.